மெர்சிங் கருப்பாயியின் முழங்கால்

1

இந்தக் கதை ஒரு துண்டறிக்கையில் பிறந்தது. ஸ்கூடாயில் ஒரு முழங்கால் கிளினிக், பெயர் வேண்டாம். நோயாளியின் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றிப் பிரித்து, ஆற்றும் பகுதியைத் தேய்ந்த மூட்டில் ஊசியால் ஏற்றுவார்கள். அந்தச் சிகிச்சையின் துண்டறிக்கைக்குத் தமிழில் நான்கு வரி எழுதித் தந்தவர் திருச்செல்வம் என்ற எழுத்தாளர்.

"ஒரு பேஷண்ட் கதை இருந்தா நல்லாருக்கும் லா, சார்," என்றாள் கிளினிக்கில் வேலை பார்க்கும் லோஷினி.

கேட்க வேண்டுமா? கடலோர ஊரான மெர்சிங்கில் மீன் விற்கும் கருப்பாயியைப் படைத்தார். ஊசி போட்ட மூன்றாம் வாரமே அவள் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்ததாக முடித்தார். அடியில் தன் பெயரையும் போடச் சொன்னார்.

(அடிக்குறிப்பு: அவர் மெர்சிங்குக்குப் போனது ஒரே ஒரு முறை. மீன்கூட வாங்கவில்லை.)

2

செனாய் தொழிற்பேட்டையின் மேல் மெல்ல விடியத் தொடங்கிய...

வேண்டாம். மலர் செனாயில் ஒரு தொழிற்சாலையில் நின்றபடியே வேலை செய்பவள். அதே கிளினிக்கில் அவளுக்கு ஊசி போட்ட டாக்டர், ஆறு வாரம் காலை வருத்தாதே என்று மலாயில் சொன்னார். நன்றாகவே புரிந்தது. ஆனால் துண்டறிக்கை தமிழில் இருந்தது; அதில் முருகன் இருந்தான். மூன்றாம் வாரம் வெறுங்காலோடு பால்குடம் எடுத்தாள். மூட்டு வீங்கிவிட்டது. இப்போது வேலையில் நிற்க முடியவில்லை.

3

லோஷினியிடம் முகவரி வாங்கிக்கொண்டு மலர் இன்று காலை திருச்செல்வத்தின் வீட்டுக்கு வந்தாள்.

"தப்பு என் மேலதான் சார். அந்தக் கருப்பாயி அக்கா நம்பர் குடுங்க. அவங்க எப்படித் தாங்குனாங்கன்னு கேக்கணும்."

இந்தக் கதையின் முதல் வரைவில் திருச்செல்வம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிறார். அடித்துவிட்டேன்; அப்படி நடக்கவில்லை. இரண்டாம் வரைவில் மனைவியின் எண்ணைக் கொடுத்து, அவளைக் கருப்பாயியாகப் பேசவைக்கிறார். அப்படி நினைத்தது நிஜம்.

(திருச்செல்வம் நான்தான். அவர், இவர் என்று எழுதினால் வெட்கம் குறையுமா என்று பார்த்தேன். குறையவில்லை.)

4

"அவங்க தவறிட்டாங்கம்மா," என்றேன்.

மலர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பார்த்தே இராத ஒருத்திக்காக அழுதாள். பிறகு மேசையைப் பிடித்து எழுந்தாள்.

"வீடு எங்க சார்? எனக்கு அவ்ளோ தைரியம் குடுத்தவங்க. துக்கம் கேக்காம இருக்கக் கூடாது. இன்னிக்கே மெர்சிங் பஸ் ஏறிடறேன்."

முகவரி எழுதச் சொல்லிப் பேனாவை நீட்டுகிறாள். இதுவரை எல்லாவற்றையும் நானே எழுதினேன். அடுத்த வரியை நீங்கள் சொல்லிவிடுங்கள். சீக்கிரம் சொல்லுங்கள், அவளால் ரொம்ப நேரம் நிற்க முடியாது.