கல்லில் இருந்த லெட்

தண்ணீர் விடுவதற்கென்றே ஒரு மடையைக் கட்டிவிட்டு, அதன் நெற்றியிலேயே "தண்ணீரை விடாதே" என்று எந்த வெள்ளைக்காரனாவது கல் பதிப்பானா? மதுரைக்கு மேற்கே, கிளைக்கால்வாய்க் கரையில் நின்று வெங்கடரமணன் தலையைச் சொறிந்தார். டவுனில் இங்கிலீஷ் வாத்தியார் அவர். பாசியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தும் எழுத்து மாறவில்லை: "லெட் நாட் தி வாட்டர்."

"சத்தமாப் படிங்க வாத்தியாரய்யா," என்றாள் பாண்டியம்மாள். வண்டி கட்டி அவரை அழைத்து வந்தவளே அவள்தான். கதிர் வெளிவரும் சமயத்தில் அவள் வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

மடைக்காவல் உக்கிரபாண்டி அவளுக்குக் கொழுந்தன் முறை, வேலைக்குப் புதுசு. "கல்லில் உள்ளபடி செய்" என்று சொல்லிப் போன அதிகாரி, கல்லில் என்ன உள்ளது என்று சொல்லவில்லை.

வெங்கடரமணனுக்குப் பொய் வரவில்லை. "லெட் என்றால் விடு. நாட் என்றால் கூடாது."

"கேட்டுக்கிட்டீகளா மதினி? வண்டி கட்டி ஆளக் கூட்டியாந்து நீங்களே பூட்டுப் போட்டுட்டீக."

"போடா, அம்புட்டுத் தண்ணியையும் ஒன் மீசைக்கே ஊத்திக்க." வெடித்த வயல் பக்கம் கையை நீட்டினாள். "அதிகாரி வர்ற வெள்ளிக்கிழமை வரைக்கும் தாங்காதுய்யா."

வண்டியில் திரும்பும்போதும் வெங்கடரமணன் அந்த வரியையே திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். நன்றாகத் தெரிந்த ஒரு சொல் ஒருத்தியின் பயிரைக் கொல்கிறது; அவரால் என்ன செய்ய முடியும்?

மறுநாள் மாலை மைதானத்தில் டென்னிஸ். சர்வீஸ் போட்ட பந்து வலையை உரசி அப்பால் விழுந்தது. "லெட்!" என்றார்கள், மறுபடி அடிக்கச் சொன்னார்கள். 'போகட்டும், விடு' என்றுதான் அதற்கு இத்தனை வருஷமாக அவர் பொருள் கொண்டிருந்தார். இன்றுதான் உறைத்தது. பந்தை யாரும் விடவில்லை. வலை தடுத்தது.

ஓடிப்போய் அகராதியைப் புரட்டினார். பழைய இங்கிலீஷில் இரண்டு லெட்! ஒன்று விடுவது, இன்னொன்று தடுப்பது. நம் 'ஆறு' எண்ணாகவும் நதியாகவும் இருப்பதுபோல, இரண்டும் தேய்ந்து தேய்ந்து ஒரே உருவத்துக்கு வந்துவிட்டன. ரயிலடியில் எல்லோரும் சொல்கிற 'லேட்' இந்தத் தடுக்கிற லெட்டுக்குப் பங்காளி, தடுத்தால் தாமதம்தானே. விடுகிற லெட் ஊரெல்லாம் பிழைத்துக்கொண்டது. மற்றது இப்படி டென்னிஸிலும் பழைய கல்லிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

விடிந்ததும் மடைக்குப் போனார். பாண்டியம்மாளின் மேட்டு வயல் சருகாகியிருந்தது. அதை எந்த அகராதியாலும் பச்சையாக்க முடியாது. பள்ளத்து வயலில் மட்டும் உயிர் இருந்தது.

"அன்னைக்கி விடாதேன்னீக, இன்னைக்கி விடுங்கிறீக. எதய்யா கேக்குறது?" என்றான் உக்கிரபாண்டி.

"அதிகாரி கேட்டால் என் பெயரைச் சொல். இந்த லெட்டுக்கு அர்த்தம் 'தடு'. தண்ணீரைத் தடுக்காதே என்கிறது கல். மடைப் பலகையைத் தூக்கு."