சுவர் வராத வீடு

லேப்டாப் திரையில் முதலில் ஒரே ஒரு பச்சைக் கோடுதான் விழுந்தது. டேப்பு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வயதானால் யாருக்குத்தான் கோடு விழாது, தன் நெற்றியிலேயே மூன்று இருக்கிறதே என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். அடுத்த வாரம் அந்தக் கோடு குடும்பத்தோடு வந்து குடியேறியது. சனிக்கிழமை காலை சமையலறைச் சுவர் ஊதாக் கட்டங்களாக உடைந்தது, அடுப்பு மேடை அந்தரத்தில் தொங்கியது, பிறகு மொத்தத் திரையும் அப்படியே உறைந்து நின்றது.

அது கட்டிய சமையலறை இல்லை. வரைந்தது.

சமையலறை அலமாரிகள் செய்து கொடுக்கிற கடையில் அளவெடுத்து வரைபடம் போடுவது அவன் வேலை. எந்நேரமும் இடுப்பில் அளவு நாடா தொங்கும். அதனால் கடையில் எல்லோருக்கும் அவன் டேப்பு. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. ஊரார் சமையலறையை எல்லாம் இம்மி பிசகாமல் வரைகிறவன் குடியிருந்ததோ, ஒருவர் வெளியே வந்தால்தான் இன்னொருவர் உள்ளே போகக்கூடிய சமையலறை கொண்ட வாடகை வீட்டில். கல்யாணமான புதிதில் ஒரு மழை நாளில், போக இடமில்லாமல், அவனும் அவன் மனைவியும் லேப்டாப்பில் ஒரு வீடு வரைய உட்கார்ந்தார்கள். மனை வாங்க வேண்டாம், மேஸ்திரி ஏமாற்ற மாட்டார், அக்கம்பக்கத்தார் கண் வைக்க முடியாது. ஜன்னலை அவள் இழுத்து வைத்தாள். கதவை இவன் திருப்பி வைத்தான். சோபாவுக்காக நடந்த சண்டை இரண்டு நாள் நீடித்தது.

அவள் துணி வெட்டுகிறவள். ஆயத்த ஆடைக்குக் காகிதத்தில் பேட்டர்ன் வரைந்து, அதன்படி துணியைக் கத்தரிப்பதில் அவள் கை சுத்தம். அந்தக் கையைக் கடல் தாண்டிய ஒரு கம்பெனி இரண்டு வருட ஒப்பந்தத்தில் கூப்பிட்டது. போனாள். அன்றிலிருந்து ஞாயிறு மதியம் தோறும் இருவரும் அந்த வீட்டுக்குள் நடப்பதுதான் அவர்கள் குடித்தனம். லேப்டாப்பின் மைக் என்றைக்கோ செத்துவிட்டதால் பேச்சு போனில்; வீடு மட்டும் லேப்டாப் வழியாக அவள் திரைக்குப் போகும். அவள் சொல்லச் சொல்ல இவன் அம்புக்குறி விசையை அழுத்தி நடப்பான்.

"செருப்பைக் கழட்டிட்டீங்களா?"

"கழட்டிட்டேன் மேடம்."

"அப்ப உள்ள போங்க. ஜன்னல்கிட்ட கொஞ்ச நேரம் நில்லுங்க. வெயில் வருதான்னு பாப்போம்."

வெயில் எப்போதும் வரும். அதை வர வைக்கும் பொத்தான் இவன் கையில்தானே இருந்தது.

ஒப்பந்தம் முடிகிற நேரம் நெருங்கியது. புதன்கிழமை அவள் போன் செய்தாள். வெட்டும் பிரிவுக்கே அவளைத் தலைவியாக்குகிறார்களாம். இன்னும் இரண்டு வருடம் இருக்க வேண்டுமாம்.

"திங்கக்கிழமை பதில் சொல்லணும். ஞாயித்துக்கிழமை வீட்டை ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்னு இருக்கேன். நீங்க என்ன சொல்றீங்க?"

இருக்காதே, வந்துவிடு என்று சொல்ல வேண்டும் என அவன் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் அவனிடம் ஒரு வியாதி: எதைச் சொல்ல வாயைத் திறந்தாலும் வேடிக்கைப் பேச்சு முந்திக்கொண்டு ஓடிவரும். உண்மை நொண்டி நொண்டி வந்து சேர்வதற்குள் வாய் மூடியிருக்கும்.

"நான் என்னத்த சொல்ல, உன் இஷ்டம். தலைவி ஆனப்புறம் எங்களையெல்லாம் மறந்துடாதீங்க, சரியா?" என்றான்.

அவள் லேசாகச் சிரித்து போனை வைத்துவிட்டாள். வீடு பேசட்டும் என்று இவன் விட்டுவிட்டான். ஞாயிறன்று கூடத்தில் வெயில் போடலாம், ஜன்னலைத் திறக்கலாம், அவளுக்கே மனம் திரும்பும். அந்த வீடுதான் இப்போது ஊதாக் கட்டமாகிக் கிடந்தது. வேறு கணினியிலும் திறந்து பார்த்தான். கடையில் இருந்த புது மென்பொருளுக்கு இந்தப் பழைய வீட்டை அடையாளமே தெரியவில்லை. வெறும் வெள்ளைத் தரையைக் காட்டிவிட்டு, வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டது.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர்க் கடைக்கு ஓடினான். கடையை நடத்துகிற அக்கா நெற்றியில் ஏற்றி வைத்திருந்த பூதக்கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார்.

"எத்தனை வருஷ மிஷின் தம்பி இது?"

"எங்க கல்யாணத்தோட வயசுக்கா."

"அப்ப ரெண்டுமே கொஞ்சம் சூடாகத்தான் செய்யும்." அடிமூடியைக் கழற்றி, விசிறியில் அடைத்திருந்த பஞ்சுத் தூசியைச் சாமணத்தால் இழுத்து எடுத்தார். "இத்தனை தூசிக்கு ஒரு தலகாணியே தைக்கலாம். தூசி இருக்கட்டும். படம் போடுற கிராபிக்ஸ் சிப்பு இருக்கே, அது போயிடுச்சு. சூட்டுல அடியில இருக்கிற ஈயப் புள்ளியெல்லாம் விட்டுக்கிச்சு."

"வேற போட முடியாதா?"

"கிராபிக்ஸ் கார்டுன்னு பேருதான். கழட்டி மாட்டுறதுக்கு இது என்ன பல்பா? போர்டோட ஒட்டிப் பொறந்தது. சூட்டுக்காத்து அடிச்சு ஒட்ட வைக்கலாம். பொழைச்சா கொஞ்ச நாள் ஓடும். இல்லைன்னா இந்த மேசையிலயே உயிர் போயிடும். எதுக்கு இவ்வளவு அவசரம்?"

"நாளைக்கு மதியம் ஒரு வீட்டைக் காட்டணும்க்கா."

"விக்கிறீங்களா?"

"இல்ல. என் மனைவிக்கு. எங்க வீடு."

அக்கா பூதக்கண்ணாடியை மறுபடி நெற்றிக்கு ஏற்றி அவனை நேராகப் பார்த்தார். "உங்க வீட்டை உங்க வீட்டம்மாவுக்கே காட்டணுமா? போன்ல போட்டோ புடிச்சு அனுப்ப வேண்டியதுதானே?"

"கட்டினாதானேக்கா புடிக்க."

கேலி செய்ய ஏதுவான பேச்சுதான், ஏனோ அக்கா செய்யவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொரு வழி சொன்னார். கெட்டுப்போன சிப்பை அடியோடு முடக்கிவிட்டால், உள்ளேயே இருக்கும் சின்ன சிப்பை வைத்து லேப்டாப் ஓடும். அந்தச் சின்னதால் இந்த மாதிரி வீட்டைச் சுமக்க முடியாது. சாயம், பளபளப்பு, வெயில் எதுவும் வராது. கோடு மட்டும் வரும்.

"எலும்புக்கூடு மாதிரி இருக்கும். ஆனா செத்துப்போன வீட்டுக்கு எலும்புக்கூடு மேல் இல்லையா?"

முடக்கினார். வீடு திறந்தது. சுவர் இல்லை, தரை இல்லை. கறுப்பில் வெள்ளைக் கோடுகள் ஒன்றுக்குள் ஒன்று சிக்கி, சிலந்தி குடித்துவிட்டுக் கட்டிய வலை போலத் தெரிந்தது. இதுவாவது கிடைத்ததே என்று நன்றி சொல்லத் திரும்பியவனுக்கு அப்போதுதான் உறைத்தது. சுவர் இல்லையென்றால் பின்னறைக்கு மறைவும் இல்லை என்று அர்த்தம். பின்னறையில் இருப்பது எல்லாம் வாசலில் நின்றாலே தெரியும்.

அந்த அறையை அவள் போகும் முன் காலியாக வரைந்து, "சாமான் ரூமா இருக்கட்டும்" என்று கதவைச் சாத்திவிட்டுப் போயிருந்தாள். அவள் போனபிறகு, வேலை முடிந்து வந்த சாயங்காலங்களில், டேப்பு தனியாக அதற்குள் போய் வந்தான். முதலில் ஒரு மேசை. சாப்பாட்டு மேசையை இழுத்து நீட்டி, நின்றுகொண்டே துணி வெட்டுகிற உயரத்துக்குத் தூக்கினான். பிறகு தையல் மெஷின். ஆளுயரக் கண்ணாடி. சட்டை மாட்டிப் பார்க்கிற தலையில்லாப் பொம்மை. பேட்டர்ன் காகிதங்களைத் தொங்கவிட ஒரு கம்பி. அவளுக்கென்று ஒரு தையலறை. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கதவை மட்டும் திறக்கவே மாட்டான். அவள் கேட்டால், "பழைய சாமான். எலி வேற இருக்கு" என்பான்.

காட்டினால் வா என்று கூப்பிட்டது போல் ஆகிவிடும். வா என்பது ஒரு சொல்தான். ஆனால் அந்த ஒரு சொல்லுக்காக, அவள் தன் கையை நம்பி அங்கே ஏறிய படி அத்தனையும் இறங்க வேண்டும். அதைச் சொல்ல அளவு நாடாவைத் தவிர வேறொன்றும் கையில் இல்லாத தனக்கு என்ன வாய் இருக்கிறது என்று நினைத்தான்.

ஞாயிறு காலை அந்த மேசையை அழிக்கப் போனான். விரல் விசை மேலேயே நின்றது, அழுந்தவில்லை. போகட்டும், வரைந்த தனக்கே எது மேசை, எது ஜன்னல் என்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆகிறது, அவளுக்கு எங்கே தெரியப்போகிறது என்று விட்டுவிட்டான்.

மதியம் போன் அடித்தது. அவள் திரைக்கு வீடு போய்ச் சேர்ந்தது.

"அய்யய்யோ, ஏங்க, வீட்டை யாரு உரிச்சது?"

"கிராபிக்ஸ் படுத்துடுச்சு. வீடு பட்டினி கெடக்கு, அதான் எலும்பு தெரியுது. கண்ணு வலிக்குதுன்னா சொல்லு, மூடிடுறேன்."

"மூடாதீங்க. அடுப்பு மேடை தெரியுது. அதுக்குப் பின்னாடி கூடத்து ஜன்னல். நல்லாத்தான் இருக்கு."

"உனக்குத் தெரியுதா?"

"நாள் பூரா நான் வேற என்னத்தைப் பாக்குறேன்? ஒவ்வொரு சட்டையும் எங்கிட்ட முதல்ல கோடாத்தானே வருது. துணி அப்புறம்தானே."

ஊரையே அளந்தவன், கட்டிய மனைவியின் தொழிலை அளக்க மறந்துபோனான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததுமல்லாமல், காய்கறி வெட்டுகிறவளிடமே தட்டை நீட்டியிருக்கிறான்.

"அந்தப் பின்னாடி ரூம்ல என்ன இருக்கு?"

"எலி."

"எலிக்கு எதுக்குங்க ஆள் உசரக் கண்ணாடி?"

அவன் அம்புக்குறியை அழுத்திக் கூடத்துப் பக்கம் நகரப் பார்த்தான்.

"இது மெஷின்தானே? அந்த மேசை... நின்னுக்கிட்டு வெட்டுற உசரம் அது." அவள் குரல் இறங்கிவிட்டது. "எப்ப போட்டீங்க இதெல்லாம்?"

"அப்பப்ப."

"நான் கேக்குறப்பல்லாம் பழைய சாமான்னு சொன்னீங்க."

"பழசாகிற வரைக்கும் வெச்சிருந்தா எல்லாம் பழைய சாமான்தானே" என்றான். சொல்லி முடிக்கும்போதே அது சிரிப்பாக வரவில்லை என்று அவனுக்கே தெரிந்தது.

"புதன்கிழமை உங்ககிட்ட கேட்டேன். உன் இஷ்டம்னீங்க. அன்னிக்கு எனக்கு என்ன தோணிச்சு தெரியுமா? இந்த மனுஷனுக்கு நான் இல்லாமலே பழகிப்போச்சு போல, அங்க போய் நான் எந்த இடத்துல நிக்கிறதுன்னு."

கேலியாக ஏதாவது சொல்லி இதைக் கடந்துவிட முடியுமா என்று தேடிப் பார்த்தான். வீட்டில் எதற்கும் பஞ்சம் வரலாம், டேப்புவின் வாயில் கேலிக்குப் பஞ்சம் வராது என்று அவன் மாமியார் சொல்வார். அன்று அந்தப் பஞ்சமும் வந்துவிட்டது.

அவளே பேசினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வெட்டும் மேசை முன் நிற்கிறவளின் குரலில்: "மேசையைச் சுவத்தோட ஒட்டிப் போட்டா யாரு வெட்டுவா? நாலு பக்கமும் சுத்தி வர வேணாமா? நடுவுக்கு இழுங்க."

"இதோ."

மேசையைப் பிடித்து இழுத்தான். விசிறி கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவனைப் போல இரைத்தது. மேசை இரண்டானது, நாலானது, அறை முழுக்க மேசையானது. எல்லாக் கோடுகளும் ஒரு தடவை நடுங்கின. திரை கறுத்துப்போனது. பொத்தானை அழுத்தினான், மறுபடி அழுத்தினான். விளக்குகூட எரியவில்லை.

"என்னாச்சுங்க? ஒண்ணும் தெரியலையே."

"போயிடுச்சு."

"எது?"

"வீடு."

இனிக் காட்ட இவனிடம் ஜன்னல் இல்லை, வெயில் இல்லை. இவன் சார்பாகப் பேச யாரும் மிச்சமில்லை.

"வந்துடு" என்றான்.

தொடங்கியாயிற்று, நிறுத்த முடியவில்லை. "அந்த மாதிரி ரூம் கிடைக்குமான்னு தெரியல. மேசைக்கு இடமே இல்ல இங்க. சமையல்கட்டுல இன்னமும் நான் வெளிய வந்தாதான் நீ உள்ள போகலாம். உன்னை இறங்கி வான்னு சொல்ல எனக்கு வாயே இல்ல. ஆனா பழகலை. ஒரு நாள்கூடப் பழகலை. வந்துடு."

"இதைச் சொல்ல உங்களுக்கு ஒரு லேப்டாப் சாகணுமா?" என்றாள் அழுகையும் சிரிப்புமாக. பிறகு, வெட்டும் முன் துணியை நீவிவிடுகிறவள் போல, நிதானமாகச் சொன்னாள்: "உடனே வர முடியாதுங்க. எடுத்த வேலையைப் பாதியில விட்டுட்டு வந்தா எனக்கே புடிக்காது. குளிர்காலத்து ஆர்டர் முடியட்டும். ரெண்டு வருஷத்துக்கு முடியாதுன்னு நாளைக்குச் சொல்லிடுறேன். குளிர் முடிஞ்சதும் கெளம்பிடுவேன்."

"சரி" என்றான். ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். எதிர்வீட்டு மாடியில் யாரோ வெயிலுக்குப் பயந்து தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். குளிர் இன்னும் தொடங்கவே இல்லை.

போனை வைக்க இருவருக்கும் மனம் வரவில்லை.

"மேசை நடுவுக்கு வந்துச்சா?" என்று கேட்டாள்.

"தெரியல. இருட்டா இருக்கு."

"வந்துடுச்சுன்னே வெச்சுக்குவோம். நான் மேசைக்கு அந்தப் பக்கம் நிக்கிறேன். நீங்க எங்க நிக்கிறீங்க?"

"கதவுகிட்ட."

"அங்கயே ஏன் நிக்கிறீங்க? உள்ள வாங்க."

டேப்பு செத்துப்போன லேப்டாப்பை அருகே இழுத்து, முன்னே நடக்கும் அம்புக்குறி விசையின் மேல் விரலை வைத்து அழுத்தினான். இன்னும் சூடாகத்தான் இருந்தது. விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தான்.