ஒரே கேபிள்

“6.3.1998, வெள்ளி. இன்று சிறிய தவறு ஒன்று செய்தேன். அம்மா விளக்கு வைப்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை.”

இவ்வளவு எழுதிவிட்டுத் தங்கமணி பேனாவைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். மாலையில் அவளுக்குச் சிரிப்பா வந்தது?

கிள்ளானில் அவர்கள் குடியிருந்தது வாடகை வீடு. ஏரியல் கேபிள் நுழையச் சுவரில் ஒரே ஒரு சிறு துளை உண்டு; அதில் ஒரு கேபிள்தான் போகும். இன்னொரு துளை போட வீட்டுக்காரர் விடவில்லை. அப்பா சபாபதிக்கு ஏரியலில் வரும் செய்தி வேண்டும். அம்மா இராஜம்மாவுக்குப் புது டிஷ்ஷில் வரும் தமிழ்ப்படம் வேண்டும். இரண்டு கேபிள் இல்லாமல் நடக்காது என்று டிஷ் மாட்ட வந்தவர் கையை விரித்துவிட்டார். மாலை வகுப்பில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் தங்கமணிதான், ஒரே கேபிளில் நடக்கும் என்று வாயைக் கொடுத்தாள்.

“ரெண்டும் வந்துச்சுன்னா கிளாஸுக்குப் போ. வரலைன்னா வீட்டோட இரு,” என்றார் அப்பா.

கூரையில் ஒரு சின்னப் பெட்டி, டிவிக்குப் பின்னால் இன்னொன்று. மேலே இருப்பது இரண்டு சிக்னலையும் ஒரே கேபிளில் சேர்க்கும்; கீழே இருப்பது பிரித்துக் கொடுக்கும். டிஷ் சிக்னலைப் படமாக்கும் டீகோடரிலிருந்து அதே கேபிள் வழியாகத்தான் டிஷ்ஷுக்கு மின்சாரமும் ஏறும். படம் வரைந்து, சரிபார்த்து மாட்டினாள். போட்டுப் பார்க்கப் போகையில் அம்மா விளக்கேற்ற வந்துவிட்டாள். அந்நேரம் அந்த வீட்டில் டிவி பேசாது. காத்திருந்தாள்.

பிறகு அப்பா டிவியைப் போட்டார். செய்தி பளிச்சென்று வந்தது. டிஷ்ஷுக்கு மாற்றினால் வெறும் நீலத்திரை.

“ஒன் படிப்பு பாதிதான் வேலை செய்யுதுலா,” என்றார் அப்பா.

தங்கமணி பெட்டியைக் கழற்றினாள், மாட்டினாள். ஏணியில் ஏறினாள், இறங்கினாள். எங்கோ கோட்டை விட்டுவிட்டோம் என்று மனம் அடித்துக்கொண்டது.

“ஏன்டி கொரங்கு மாதிரி ஏறி எறங்குற?” என்றாள் அம்மா.

“டிஷ்ஷுக்குக் கரண்ட் போகலம்மா. எங்க தப்புன்னே தெரியல.”

“கரண்டா? வெளக்கு வைக்கிறப்ப ரெண்டு சுவிட்சையும் அடைச்சேன். ஒங்கப்பா டிவிய மட்டுந்தான தொறந்தாரு!”

டீகோடர் மேல் அம்மா போர்த்தியிருந்த லேஸ் துணியைத் தூக்கினாள் தங்கமணி. டீகோடரின் முகப்பு விளக்கே எரியவில்லை. சுவிட்சைத் தட்டினாள். கொஞ்ச நேரத்தில் நாதஸ்வரமும் தவிலுமாகப் படத்தில் ஒரு கல்யாணமே வீட்டுக்குள் இறங்கியது.

“நகருங்க, மறைக்குது!” என்றாள் அம்மா.

நகர்ந்து உட்கார்ந்த அப்பா, திரையைப் பார்த்தபடியே கேட்டார்: “திங்கக்கெழம கிளாஸ் எத்தன மணிக்கு? மோட்டார்ல பின்னால ஒக்கார வச்சு நானே கொண்டு விடுறேன்.”

தங்கமணி பேனாவை மறுபடி எடுத்தாள்.

“இனி கருவியைச் சந்தேகிக்கும் முன் சுவிட்சைப் பார்க்க வேண்டும். நாளை: மழை வருவதற்குள் கூரைப் பெட்டியின் இணைப்புகளில் ரப்பர் நாடா சுற்றுவது.”