ஒன்றாம் எண்ணின் மூன்று நாள் மௌனம்

செம்பூர்வாழ் பெருமக்களுக்கும், அவர்தம் லிஃப்டுகளுக்கும் தண்ணீர்த் தொட்டிகளுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: ஸ்வர்ணகமல் குடியிருப்பின் செயலாளர் திருவாளர் பஞ்சு அவர்கள், தமக்குத் தாமே ஒன்றாம் எண்ணை வழங்கிக்கொண்டுவிட்டார்.

வீட்டு எண் அல்ல, வாக்கி-டாக்கி எண். பஞ்சு முறையாகப் பரீட்சை எழுதி உரிமம் வாங்கிய அமெச்சூர் ரேடியோக்காரர். அந்த உரிமத்தைக் காட்டி டிஜிட்டல் ரேடியோவுக்கென்று ஏழு இலக்க அடையாள எண் ஒன்றும் வாங்கியிருந்தார். உலகத்தில் வேறு எவருக்கும் அந்த எண் கிடையாது என்பதை மாதுங்கா மார்க்கெட்டில் கொத்தமல்லி விற்கிறவரிடம்கூடச் சொல்லியாகிவிட்டது. ஆனால் குடியிருப்புக் காவலாளிகளுக்காக வாங்கிய ரேடியோக்கள் தனியார் வலையமைப்பு. அங்கே எண் கொடுப்பதற்கு உலக அமைப்பு எதுவும் இல்லை. பஞ்சுதான் உலகம். ஆகவே அவர் 1. தலைவி வந்தனா 2. காவலாளிகள் 101 தொடங்கி. முன்வாசல் மேசையில் உட்கார்ந்து எல்லாருக்கும் பதில் சொல்கிற கோகிலவாணி 107.

யார் பொத்தானை அமுக்கிப் பேசினாலும், கேட்கிறவர்களின் திரையில் பேசுகிறவரின் எண்ணும் பெயரும் வரும். மேசைக் கணினியில் நேரத்தோடு பதிவாகும்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு கோகிலவாணி தாராவியிலிருந்து வந்து சேர்ந்தபோது லிஃப்ட் பக்கத்தில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஞாயிறு காலை 6.22-க்குத் தண்ணீர் டேங்கரை வாசலோடு திருப்பி அனுப்பச் சொன்ன எண் 107. அதனால் எண்பத்து நான்கு வீடுகளில் குளியல் இல்லை. விசாரணை பதினொரு மணிக்கு, பணிநீக்கம் பதினொன்றரைக்கு. கீழே அவள் முழுப்பெயர். அதற்குக் கீழே பஞ்சுவின் கையெழுத்து, அவள் பெயரைவிடப் பெரிதாக.

ஞாயிறு 6.22-க்கு அவள் சயானில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய ரேடியோ மேசை டிராயரில் பூட்டிக் கிடந்தது. வாயில்காப்பாளன் உதுமானைப் பிடித்தாள்.

“ஏலே உதுமான், டேங்கரத் திருப்பி அனுப்பச் சொன்னது யாருல?”

“நீங்கதானக்கா. திரையில உங்க பேருல்லா வந்துச்சு.”

“குரலு?”

உதுமான் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். “ஆம்பளக் குரலாத்தான் இருந்துச்சு.”

“பொறவு?”

“உங்களுக்குச் சளி புடிச்சிருக்கும்னு நெனச்சேன்.”

“நாலு வருசமா எங்கூட வேல பாக்குத. எங்குரலு தெரியாதால ஒனக்கு?”

“தெரியும்க்கா. ஆனா மிசின்ல பேரு வருதுல்லா.”

நான்கு வருஷப் பழக்கம், தீப்பெட்டி அகலத் திரையிடம் தோற்றுப்போய் நிற்கிறது. அவனை அடிப்பதில் பிரயோசனம் இல்லை. மேசைக்குப் போய்க் கணினியைத் திறந்தாள்.

வெள்ளிக்கிழமை இரவு எட்டே முக்காலுக்கு 107 பேசியிருந்தது. அந்த நேரத்தில் அவள் தாராவியில் இட்லிக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை அவளுக்கு லீவு. அன்று மட்டும் 107 பதினேழு முறை பேசியிருந்தது. இன்னும் மேலே தள்ளிப் பார்த்தாள். வியாழன் மாலைக்குப் பிறகு ஒன்றாம் எண் ஒரு வார்த்தை பேசவில்லை. பஞ்சு மூன்று நாள் வாயைத் திறக்காமல் இருந்தார் என்கிறது பதிவு. அந்தக் கட்டடத்தில் குழாய்கூட அதை நம்பாது.

பதினொரு மணிக்கு பஞ்சு கமிட்டி அறைக்குள் வந்தார். இடுப்பில் புத்தம் புதிய ரேடியோ. வியாழக்கிழமை வந்தது.

“மனுஷா பொய் சொல்லுவா,” என்று ஆரம்பித்தார். “நம்பர் பொய் சொல்லாது. ஆறு இருபத்திரண்டுக்கு நூத்தியேழு. இதுக்கு மேலே என்ன சாட்சி வேணும்?”

“சார், ஒண்ணு கேக்கட்டா?” என்றாள் கோகிலவாணி. “வெள்ளிக்கிழமையில இருந்து நீங்க மௌன விரதமா?”

வந்தனா சாயாக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“என்ன உளர்றே?”

“ஒண்ணாம் நம்பரு மூணு நாளாப் பேசவே இல்ல. நான் வீட்ல மாவரைக்கும்போதும் நூத்தியேழு பேசுது. அந்தப் புது செட்ட ஒரு அமுக்கு அமுக்குங்க சார், பாப்போம்.”

பஞ்சு ரேடியோவை எடுத்து, அணைத்து, மறுபடி போட்டார். திரையில் ‘வெல்கம் பஞ்சு சார்’ என்று ஓடியது. அதை நாலு பக்கமும் திருப்பிக் காட்டினார். “பாருங்கோ. யார் பேர் இருக்கு?” பிறகு பொத்தானை அமுக்கி, “ஒன் பேசறேன்” என்றார்.

வந்தனாவின் ரேடியோவிலும், சாட்சி சொல்ல வந்து கதவோரம் நின்ற உதுமானின் இடுப்பிலும் ஒரே சமயத்தில் வெளிச்சம் வந்தது. 107. கோகிலவாணி.

“அக்கா, சளி,” என்றான் உதுமான்.

நடந்தது இதுதான். கோகிலவாணியின் மேசை ரேடியோவில்தான் எல்லாச் சேனல்களும் ஒழுங்காக இருந்தன. அதன் அமைப்பு முழுவதையும், 107 என்ற எண் உட்பட, அப்படியே தன் புது ரேடியோவில் பஞ்சு பிரதியெடுத்தார். பிறகு எண்ணை 1 என்று மாற்றியிருக்க வேண்டும். ஆனால் வரவேற்பு வாசகத்தில் தன் பெயரோடு ‘சார்’ சேர்ப்பதிலேயே அன்று மாலை போய்விட்டது. போட்டவுடன் தன் திரையில் தன் பெயர் வந்ததால், ஊராருக்கும் அதுதான் தெரியும் என்று இருந்துவிட்டார்.

“ஞாயித்துக்கிழமை டேங்கரைப் பத்தி நீங்க ஏதாவது பேசினேளா?” என்று கேட்டாள் வந்தனா.

“கார் எடுக்கணும், வழியை அடைச்சுண்டு நின்னான். அதை அனுப்புன்னு ஒரு வார்த்தை சொன்னேன்.”

“அப்பம் பேசினது ஒங்களுக்கே தெரியும்!” கோகிலவாணியின் குரல் ஏறியது. “தெரிஞ்சுமா எம்பேர ஒட்டினீங்க?”

“நான் பேசினது பதிவுலே இல்லையேம்மா,” என்றார் பஞ்சு, உண்மையாகவே குழம்பியவராக. “இல்லேன்னா நான் பேசலைன்னுதானே அர்த்தம்?”

கமிட்டி கூடிப் பேசி, செயலாளர் தவறு செய்தார் என்று எழுதுவது சங்கத்தின் கௌரவத்துக்கு நல்லதல்ல என்று முடிவுசெய்தது. எண்ணை விலக்கிவிடலாம், ஆளை வைத்துக்கொள்ளலாம்.

“உனக்கு நூத்தியெட்டு தர்றேன்,” என்றார் பஞ்சு பெருந்தன்மையோடு. “அஷ்டோத்தரம்! எத்தனை பேருக்குக் கிடைக்கும்?”

“எனக்கு நூத்தியேழே போதும். நீங்க அதுல இருந்து எறங்குங்க. எம்பேர ஒட்டின எடத்துல, சொன்னது யாருன்னு ஒங்க பேரயும் ஒட்டுங்க.”

மாலையில் புது நோட்டீஸ் வந்தது. 107-ஆம் எண்ணில் தொழில்நுட்பக் கோளாறு, வருந்துகிறோம், இப்படிக்கு பஞ்சு. யாருடைய கோளாறு என்று இல்லை. கோகிலவாணி எழுந்து போனாள். கட்டடத்தில் எல்லாரும் படிக்கட்டும் என்று ஹிந்தியில், பெரிய எழுத்தில், அதன் அடியில் எழுதினாள்: டேங்கரை அனுப்பச் சொன்னது பஞ்சு சார், என்னுடைய எண்ணில். கையெழுத்தும் போட்டாள். இரண்டு நாள் ஆகியும் அதை யாரும் கிழிக்கவில்லை. நியாயம் ஜெயித்துவிட்டது என்று உதுமான் வாசலில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னான்.

கோகிலவாணியின் வேலை போகவில்லை. அந்தச் சம்பளத்துக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை.