இரண்டாம் முழுக்கு

கழற்றிய கார்புரேட்டரை இராமகிருஷ்ணன் தன் மெக்கானிக் கடையில் பெட்ரோலில் ஊறப் போட்டுக்கொண்டிருந்தபோது நாகராஜ் போன் செய்தான். காலை பத்து மணிகூட ஆகவில்லை. நாகராஜுக்கு மரைன் ஹில் பக்கம் கப்பல் டிக்கெட் அலுவலகத்தில் வேலை. கவுன்ட்டர் திறந்திருக்கும் நேரத்தில் அவன் யாருக்கும் போன் செய்கிறவன் இல்லை.

"அண்ணே, தலைவர் போயிட்டாரு."

இராமகிருஷ்ணன் கையிலிருந்த கறையைத் துணியில் நிதானமாகத் துடைத்தார். "யாரு சொன்னா?"

"எல்லா டிவிலயும் ஓடுதுண்ணே."

"ஓடட்டும். உடம்பக் காட்டினானா?"

 நாகராஜ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இந்தத் தடவ நெசம்ண்ணே" என்றான்.

இந்தத் தடவை. அந்தமானில், ஜங்லிகாட் பேட்டையில் அந்தச் சொல்லின் அர்த்தம் தெரியாதவர்கள் இல்லை. ஆறு வருடங்களுக்கு முன், கடலுக்கடியில் நெட் கேபிள் வராத காலத்தில், ஒரு ஆகஸ்ட் மாதப் புயல் மழையில் தீவின் நெட்டும் கேபிள் டிவியும் சேர்ந்து படுத்துவிட்டன. எப்போதாவது போன் மட்டும் கிடைக்கும். அப்படிக் கிடைத்த ஒரு போனில் விழுப்புரத்திலிருந்து மச்சினன், "மாமா, ஒங்க ஜெயபூபதி போயிட்டாராம்" என்றான். அவ்வளவுதான், லைன் அறுந்துவிட்டது. மெயின்லேண்டில் இருப்பவர்களாக இருந்தால் அடுத்த வீட்டில் கேட்டிருப்பார்கள், பேப்பர் பார்த்திருப்பார்கள். இங்கே பேப்பரே விமானம் ஏறி வர வேண்டும். மழையில் விமானமும் இல்லை.

'கலைக்கோமான் ஜெயபூபதி ரசிகர் மன்றம், அந்தமான் கிளை'யை நடத்திய இராமகிருஷ்ணன் சும்மா இருப்பாரா? மறுநாளே ஆளுயர ஃபிளெக்ஸ் அடித்தார். பூ மாலைக்கு நடுவே நடிகர் ஜெயபூபதியின் சிரித்த முகம், கீழே தோற்றம், மறைவு என்று இரண்டு தேதிகள். கறுப்பு பேட்ஜ் குத்திக்கொண்டு மழையில் நனைந்தபடி மௌன ஊர்வலம் போனார்கள். மூன்றாம் நாள் இருநூறு பேருக்குச் சாப்பாடு. அறுபது வயதில் மொட்டை போட்டு, மீசையையும் எடுத்து, பெற்ற தகப்பனுக்குச் செய்வதுபோல் தலை முழுகினார் இராமகிருஷ்ணன். அவர் அழுத அழுகையைப் பார்த்து மீன் மார்க்கெட்டில் பெங்காலிப் பெண்கள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

நான்காம் நாள் சாயங்காலம் நெட் வந்தது. நான்கு நாள் செய்தியும் ஒரே நேரத்தில் போனில் வந்து கொட்டியது. முதல் வீடியோவில் ஜெயபூபதி ஆஸ்பத்திரி வாசலில் கைத்தடியோடு நின்று எல்லோருக்கும் கையாட்டிக்கொண்டிருந்தார். 'லேசான நெஞ்சு சளிதான்' என்று சிரித்தார். கடைக்கு வெளியே ஃபிளெக்ஸிலும் அதே சிரிப்பு.

முடி அதன் பிறகு சரியாக முளைக்கவே இல்லை. மானமும்தான். எதிரே டீக்கடை வைத்திருக்கும் கணபதி, வேறொரு நடிகரின் பழுத்த ரசிகர், தினமும் காலையில் கிளாஸை நீட்டும்போது, "அரே தோஸ்த், எனக்கு ரெண்டு நாளா இருமல். நீ அவசரப்பட்டு ஊர்வலம் கீர்வலம் வெச்சிடாத" என்பார். கடையே சிரிக்கும். இராமகிருஷ்ணனும் சிரித்துவைப்பார். மன்றத்தை மட்டும் அவர் திரும்ப எட்டிப் பார்க்கவில்லை.

கேலியைத் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது வேறு. உயிரோடு இருக்கிற மனிதருக்குத் தலை முழுகிவிட்டோமே என்ற பயம் அவரைப் பிடித்துக்கொண்டது. ஹட் பேயில் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிய இருபது வயதில், பெட்டியில் அடைத்துக் கப்பலில் வந்த ஜெயபூபதி படங்களைத் திடலில் வேட்டியைத் திரையாகக் கட்டிப் போடுவார்கள். இடம் கிடைக்காமல் திரைக்குப் பின்பக்கம் உட்கார்ந்துதான் பாதிப் படங்களைப் பார்த்திருக்கிறார். வலது இடதாக மாறி, இடது கைக்காரராகத் தெரியும் ஜெயபூபதிதான் அவருடைய ஜெயபூபதி. அப்பா முகம் நினைவில்லாத ஒருவன், கோபத்தை எப்படி அடக்குவது, பெண்ணிடம் எப்படிப் பேசுவது என்று அங்கேதான் கற்றுக்கொண்டான். அந்த மனிதரின் ஆயுசில் கை வைத்துவிட்டோமே! அன்றிலிருந்து மாதா மாதம் கிருத்திகைக்கு முருகன் கோயிலுக்குப் போய், ஜெயபூபதி, மக நட்சத்திரம், சிம்ம ராசி என்று அர்ச்சனை செய்துவந்தார். குருக்களுக்கும் மனைவி அலமுவுக்கும் தவிர வேறு யாருக்கும் இது தெரியாது.

சாலையைக் கடந்து கணபதி கடைக்குப் போனார். டிவி முன் ஆட்கள் எழுந்து நின்றிருந்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஜெயபூபதி. மூக்கில் பஞ்சு. உடம்பைக் காட்டிவிட்டான்.

அழுகை வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. ஆறு வருடத்துக்கு முன்பே அழுது தீர்த்துவிட்டோமோ, இல்லை நம்மால்தான் போனாரோ என்று இரண்டு நினைப்பும் மாறி மாறி வந்தன. கணபதி ஏதாவது சொல்வார் என்று நிமிர்ந்து பார்த்தார். அவர் அடுப்பை அணைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் அவர் தலை முழுக அலமு வாளியில் தண்ணீர் பிடித்து வைத்திருந்தாள். மூன்று நாளைக்கு ஒருமுறை குழாயில் வரும் தண்ணீரில் ஒரு முழு வாளி. கொல்லையில் டிரம்களை வைத்துத் தகர மறைப்பு கட்டிய இடம்தான் குளியலறை. அதற்குக் கூரை அந்த ஃபிளெக்ஸ். ஃபிளெக்ஸ் எந்த வீட்டிலும் வீணாவதில்லை, அதிலும் எட்டு மாதம் மழை பெய்கிற ஊரில். அக்கம்பக்கம் பார்த்துச் சிரிக்காமல் இருக்க, அலமு நெட் வந்த அன்றைக்கே முகம் கீழே பார்க்கும்படி விரித்துக் கட்டிவிட்டாள். ஊர் கண்ணுக்கு மறைந்தது. ஆனால் தினமும் துண்டோடு உள்ளே போகிறவருக்கு? ஆறு வருடமாக இராமகிருஷ்ணன் தலையைக் குனிந்துகொண்டே குளித்துவந்தார்.

இன்றும் அப்படித்தான் குளித்தார். ஈரத் தலையோடு வெளியே வந்தபோது நாகராஜ் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான்.

"ஃபிளெக்ஸ் கடைல மிசின் நின்னுடுச்சாம்ணே. பார்ட்டு மெயின்லேண்ட்லேர்ந்து அடுத்த கப்பல்லதான் வருதாம். சாயங்காலம் மார்க்கெட் முக்குல அஞ்சலி வெச்சிருக்கோம்." தகர மறைப்பின் மேலிருந்த கூரையில் பார்வையை ஓட்டினான். "தேதிய மட்டும் பேப்பர் ஒட்டி மாத்திக்கலாம்."

"அந்தப் பொய்யத் தூக்கிக்கினு நான் ஜங்லிகாட்ல நிக்கணுமா? போடா."

அலமுதான் பேசினாள். "நீங்க வராட்டிப் போங்க. இன்னைக்கு ஒரு நாளும் அவரு நீங்க சோப்பு போடறதப் பாத்துக்கினே கெடக்கணுமா?"

 இராமகிருஷ்ணன் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, முடிச்சுகளை அவரே அவிழ்த்தார். மேல்பக்கம் பாசி பிடித்துப் பச்சையாகக் கிடந்தது. உள்பக்கம் நிறம் மங்கவே இல்லை, நேற்று அடித்ததுபோல் இருந்தது.

ஐம்பது அறுபது பேர் கூடினார்கள். பாதிப் பேர் மன்றத்துக்காரர்கள், மீதி மீன் வாங்க வந்து நின்றவர்கள். நாகராஜ் வெள்ளைத்தாளில் புதுத் தேதி எழுதி ஒட்டியிருந்தான். ஊதுவத்தி ஏற்றினார்கள். இராமகிருஷ்ணன் கடைசி வரிசையில், ஒரு ஆட்டோவுக்குப் பின்னால் நின்றார். முன்னால் வரச் சொல்லி நாகராஜ் சைகை காட்டியதும் தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

மௌன அஞ்சலி பாதியில் இருக்கும்போது மழை பிடித்தது. அந்தமான் மழை, சொல்லிக்கொண்டா வரும்? தாள் ஊறி, ஒரு மூலை தொங்கி, மொத்தமாக வழுக்கிக் கீழே விழுந்தது. பழைய தேதி பளிச்சென்று நின்றது.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "ஆறு வருசம் முன்னாடியே செத்துட்டாரா?" என்றது ஒரு குரல். மறந்துபோன கதை ஒரே நொடியில் கூட்டம் முழுக்கப் பரவியது. இராமகிருஷ்ணன் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். 

"என்னய்யா சிரிப்பு?"

கணபதியின் குரல். குடையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். எதிரி நடிகரின் அஞ்சலிக்கு அவர் வந்ததே அதிசயம்.

"உயிரோட இருக்கறவன செத்துட்டான்னு சொன்னா ஆயுசு கெட்டின்னு உங்க வூட்ல சொன்னதில்ல? இந்த ஆளு மொட்ட போட்டு, தல முழுகி, அப்பிடி அழுதான். அந்த அழுகைலதான் உங்க தலைவருக்கு ஆறு வருசம் கூடக் கெடச்சுது. பக்கா." மூச்சு வாங்கிக்கொண்டார். "என் ஆளு போனப்ப எல்லாம் கரெக்டா நெட் இருந்துச்சு. அப்பிடி ஒரு தப்பு பண்ண எனக்குக் குடுத்துவெக்கல."

யாரும் சிரிக்கவில்லை. கணபதி திரும்பிப் பார்க்காமலே குடையைப் பின்னால் நீட்டினார். ஆட்டோவுக்குப் பின்னாலிருந்து இராமகிருஷ்ணன் வந்து அதற்குள் நுழைந்தார். அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. வாய்விட்டு, வெட்கமில்லாமல், சின்னப் பிள்ளைபோல் அழுதார். மழைச் சத்தத்தில் முன்வரிசைக்கு அது கேட்டிருக்காது.

மூன்று நாள் ஃபிளெக்ஸ் மார்க்கெட் முக்கில் நின்றது. நான்காம் நாள் காலையில் கணபதியும் இராமகிருஷ்ணனும் சுருட்டி வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். அலமு கயிற்றோடு ஸ்டூலில் ஏறி நின்றாள்.

"மொகம் மேலயா, கீழயா?"

இனி யாரும் பார்த்துச் சிரிக்கப்போவதில்லை. அதனால்தான் கேட்டாள்.

இராமகிருஷ்ணன் வானத்தைப் பார்த்தார். கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது.

"கீழயே இருக்கட்டும்" என்றார்.

"தேதி?"

"அதுவும் இருக்கட்டும்."

கணபதி டீக்கடைக்குப் போய்விட்டார். இராமகிருஷ்ணன் துண்டோடு உள்ளே போய், முதல் குவளைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, கண்ணைத் துடைத்து, அண்ணாந்து பார்த்தார். மழை வந்துவிட்டது. ஒவ்வொரு துளிக்கும் அந்தச் சிரிப்பு லேசாக அதிர்ந்தது. தலைவரின் முதுகில் மழை கொட்டிக்கொண்டிருந்தது, முகத்தில் ஒரு சொட்டு விழவில்லை.