நிழலுக்கு இழுத்த கூடுகள்

இடது தோள்மூட்டு எரிந்தது. வலி என்று சொன்னால் போதாது. மூட்டுக்குள் கொள்ளிக்கட்டையைச் செருகி வைத்த மாதிரி இருந்தது. ஹுஸ்னியா இடுப்பளவு தண்ணீரில் நின்று வாளியைக் குளத்துக்குள் அமுக்கினாள், தலைக்கு மேலே தூக்கினாள், வலைக்கூட்டுக்குள் ஊற்றினாள். திரும்பவும் அமுக்கினாள். சுபஹுத் தொழுகை முடிந்ததிலிருந்து இதுதான் வேலை. இருநூறு வாளி வரை எண்ணினாள். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டாள்.

குளக்கட்டில் மாடு ஓட்டிக்கொண்டு போன சஜீத் நின்று பார்த்தான்.

"என்ன ராத்தா, குளத்துத் தண்ணிய அள்ளிக் குளத்துக்கே ஊத்துறீங்க? குளத்தக் கழுவுறீங்களா?"

"உன்ட வாயத்தான் முதல்ல கழுவணும். இறங்கி வந்து ஒரு வாளி பிடி, பாப்பம்."

"மாடு போகுது ராத்தா" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே நடந்தான்.

இரண்டு கூட்டிலுமாக ஆறாயிரம் மீன்குஞ்சுகள். சுண்டுவிரல் நீளம். எல்லாம் மேலே வந்து, வாயைத் தண்ணீருக்கு வெளியே நீட்டி, காற்றைக் கடித்துக்கொண்டிருந்தன. உயரத்திலிருந்து தண்ணீர் விழுந்தால் அதோடு கொஞ்சம் காற்றும் உள்ளே போகும். மீன்வளர்ப்பு அதிகாரி றிக்சன் அப்படித்தான் சொல்லியிருந்தான். வெயில் ஏறி, கச்சான் காற்று எழும்பிக் குளத்தை அலைக்கத் தொடங்கிய பிறகுதான் குஞ்சுகள் கீழே இறங்கின. ஹுஸ்னியா வாளியைக் கரையில் எறிந்துவிட்டு உட்கார்ந்தாள். இடது கை தூங்கிவிட்டது.

பனிச்சையடிக்குளம் கிண்ணியாவிலிருந்து உள்ளே, காட்டோரத்தில் இருக்கிறது. அதில் ஒன்பது தோணி. ஒன்பது வீட்டு அடுப்பு. போன வருடம் சூடு தாங்காமல் குளம் சேறாகி, பிடிக்கிற அளவு மீனெல்லாம் வயிறு மேலாக மிதந்தன. அதற்குப் பிறகு வலை போட்டால் வலைதான் திரும்பி வந்தது. தோணிக்காரர்கள் கட்டிட வேலைக்கும் கல்லுடைக்கவும் போனார்கள். மீன் வாங்க மோட்டார்சைக்கிளில் வந்தவர்கள் வேறு குளம் பார்த்துக்கொண்டார்கள். மீனவர் சங்கம் கடைசியாக ஒரு தரம் குஞ்சு கேட்டு வாங்கி, அதை வளர்க்கும் பொறுப்பை ஹுஸ்னியாவிடம் கொடுத்தது. இந்தக் குஞ்சு தப்பினால் அடுத்த வருடம் வலை இருக்கும். தப்பாவிட்டால், சங்கம் என்று ஒன்று இருக்காது.

அவள் றிக்சனுக்குப் போன் எடுத்தாள். அன்று ஞாயிற்றுக்கிழமை.

"ஓம் அக்கா, விளங்குது. எல்லாக் குளத்திலயும் இதே கூத்துத்தான். மீன் ஏத்துற லொறி ஒண்டுதான் கிடக்கு. வியாழக்கிழமை காலமை உங்களிட்ட வாறன். ஆழமான குளத்தில கொண்டுபோய் விட்டிட்டு, மழை விழத் திருப்பித் தாறன்."

"வியாழன் வரைக்கும் நிக்குமா தம்பி?"

"தண்ணி இறங்காட்டி நிக்கும். சோடாப் போத்தல வெயில்ல வச்சா காஸ் போயிடும்தானே, அதுமாதிரி. தண்ணி சுடச்சுட அதுக்குள்ள காத்து நிக்காது. ஆழம் இருந்தாத் தப்பும். இப்ப எவ்வளவு?"

"மூணடி வரும்."

"அதுக்குக் கீழ விடாதீங்கோ. விட்டா நான் லொறியோட வந்தும் பிரயோசனம் இல்ல."

விடாமல் வைத்திருப்பது அவள் கையில் இல்லை. சிறுபோக வயலுக்குக் கடைசித் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. ஆளுக்கு ஆறு மணித்தியாலம், முறை முறையாக. எல்லோரும் எடுத்துவிட்டார்கள். மிச்சம் இராஜநாயகம் ஒருவர்தான். அவருடைய முறை திங்கட்கிழமை காலை. துருசு என்கிற மதகைத் திறந்தால் குளம் ஒரு சாணுக்கு மேல் இறங்கும். கூடு சேற்றில் குந்தும்.

மத்தியானம் அவள் இராஜநாயகத்தின் வயலுக்குப் போனாள். இரண்டு ஏக்கர். அவர் வாய்க்கால் வாயைத் துப்புரவாக்கிக்கொண்டு நின்றார். அறுபது வயது, முதுகு முழுக்க வெயில் தின்ற கறுப்பு. அவர் மனைவி எல்சி வரம்பில் குந்தியிருந்து பிளேன்ரீ ஊற்றிக்கொண்டிருந்தாள். ஹுஸ்னியாவுக்கும் ஒரு கோப்பை நீட்டினாள்.

"அண்ணன், நாளைக்கு உங்கட முறை."

"ஓம் தங்கச்சி. காலமை ஆறுக்குத் துருசு திறப்பினம், பன்ரெண்டுக்குப் பூட்டுவினம். அதோட இந்தப் போகம் சரி."

"வியாழக்கிழமை வரைக்கும் பொறுக்க ஏலுமா?"

இராஜநாயகம் மண்வெட்டியை ஊன்றிவிட்டு அவளைப் பார்த்தார். ஒரு கதிரைப் பிடுங்கி, ஒரு நெல்லை நகத்தால் நசுக்கினார். வெள்ளையாகப் பால் வந்தது.

"பாத்தியளோ? இப்பதான் பால் பிடிக்குது. இந்த நேரம் தண்ணி இல்லாட்டி இது பதர். மாடும் முகராது."

"மீனுக்குத் தண்ணி விடச்சொல்லி நெல்லு விதைச்சவனிட்ட வந்து கேக்கிறா" என்றாள் எல்சி. "நல்லாயிருக்கு கதை. நாளைக்கு மாட்டுக்காரன் வந்து வைக்கோல் நட்டுத் தாங்கோ எண்டு கேப்பான்."

"உங்கட நெல்லு நாலு நாள் தாங்கும் அக்கா. என்ட குஞ்சு நாலு மணித்தியாலம் தாங்காது."

"தாங்கும் எண்டு உனக்கு ஆர் சொன்னது? கச்சான் வந்து காதுக்குள்ள சொல்லிச்சுதோ?"

ஹுஸ்னியா கோப்பையை வலது கையால் பிடித்துக் குடித்தாள். இடது கை தொங்கிக்கொண்டு கிடந்தது. ஈ வந்து அதில் குந்தியது. அவளால் அதைத் துரத்த முடியவில்லை. இராஜநாயகம் அதைப் பார்த்தார்.

"கைக்கு என்ன?"

"தண்ணி ஊத்தினது."

"எவ்வளவு நேரம்?"

"விடியத்தில இருந்து. நேத்தும். முந்தாநாளும்."

அவர் வயலைப் பார்த்தார். பிறகு மண்வெட்டியைத் தோளில் போட்டார்.

"தண்ணி முறை பாக்கிற வட்டை விதானையிட்ட நான் சொல்லுறன், என்ட முறையை வியாழனுக்கு மாத்தச்சொல்லி. வியாழன் விடியத் திறப்பன். அதுக்குப் பிறகு ஒரு கதையும் இல்ல."

"உனக்கு விசர்" என்றாள் எல்சி, புருசனிடம். கேத்தலில் மிச்சம் இருந்த தேத்தண்ணீரை வரம்பில் ஊற்றினாள். "முழு விசர்."

திங்கள் போனது. விடிய வாளி, வெயிலேறக் காற்று. குஞ்சு தப்பியது. செவ்வாய்க்கிழமை கச்சான் நெருப்பாக அடித்தது. பகல் ஒரு மணிக்கு றிக்சன் கொடுத்த வெப்பமானியைத் தண்ணீருக்குள் விட்டாள். முப்பத்தாறு. காலை உள்ளே வைத்தால் குளிக்கச் சுடவைத்த தண்ணீர் மாதிரி இருந்தது. குஞ்சுகள் வலையின் ஒரு மூலையில் நெருக்கிக்கொண்டு நின்றன.

ஹுஸ்னியா கல்லுடைக்கிற இடத்தில் பதினொரு வருடம் வேலை செய்தவள். அங்கே ஒரே ஒரு வேப்பமரம் நின்றது. அதன் நிழலில் குந்தி உடைக்கிற இடத்துக்காக அவளும் மற்றப் பெண்களும் தலைமயிரைப் பிடித்து அடிபட்டிருக்கிறார்கள். வெயிலில் மயங்கி விழுந்தவளை நிழலில் கிடத்தினால் எழும்புவாள். அவளுடைய உடம்பு படித்த பாடம் அது ஒன்றுதான்.

குளத்தின் தெற்கு மூலையில், குளக்கட்டை ஒட்டி, நாலு மருதமரம் சாய்ந்து நின்றன. பத்து மணிக்குப் பிறகு அங்கே வெயில் விழாது. அவள் தோணியை எடுத்துக்கொண்டு போய் வெப்பமானியை விட்டாள். முப்பத்து மூன்று. ஆழமும் அதே மூன்றடி.

"கூட்டை அங்க இழுப்பம்" என்றாள்.

அவள் புருசன் ஸைனுலாப்தீன் தோணியில் இருந்து இருமிக்கொண்டிருந்தான். கல்லுத்தூள் நெஞ்சில் இறங்கிய இருமல்.

"அங்க காத்துப் படாதுடி. அலையே இல்ல, பாரு. இலையெல்லாம் விழுந்து அடி அழுகிக் கிடக்கு."

"இங்க அவியுதே, அது கண்ணுக்குத் தெரியல்லயா?"

"காத்து இருக்கு."

"சுடுகாத்து! நீங்க வெயில்ல நில்லுங்க, மத்தியானம் முழுக்க. அப்ப சொல்லுங்க காத்து நல்லமெண்டு."

"உன்னோட கதைக்க ஏலாது" என்று சொல்லிவிட்டு அவன் இறங்கிக் கூடு கட்டியிருந்த கம்புகளைப் பிடுங்கினான். சங்கத்து ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். இரண்டு கூட்டையும் தோணியோடு கட்டி, அங்குலம் அங்குலமாக மருதமர நிழலுக்கு இழுத்துக் கட்ட அஸர் தொழுகை நேரம் ஆகிவிட்டது. குஞ்சுகள் நிழலுக்கு வந்ததும் பரந்து, கீழே இறங்கி நீந்தின. ஹுஸ்னியா சிரித்தாள்.

"பாத்தீங்களா?"

"பாத்தன், பாத்தன். மீனுக்கு நீதான் உம்மா."

புதன்கிழமை விடியவும் சில குஞ்சுகள்தான் மேலே வந்தன. ஐம்பது வாளியோடு இறங்கிவிட்டன. பகல் முழுவதும் முப்பத்து மூன்றுக்கு மேலே ஏறவில்லை. பின்னேரம் கச்சான் திடீரென்று நின்றது. வானம் மூடியது. ஒன்பது வீட்டுக்காரரும் குளக்கட்டில் ஏறி நின்று முகில் பார்த்தார்கள். இராஜநாயகமும் தன் வயலில் நின்று அதே முகிலைத்தான் பார்த்திருப்பார். மழை விழவில்லை. ஆனால் வெயிலும் இல்லை. அதுவே போதும் என்று ஹுஸ்னியா நினைத்தாள். ஐந்து நாளைக்குப் பிறகு அன்றுதான் அடித்துப்போட்ட மாதிரிப் படுத்தாள்.

வியாழக்கிழமை விடிந்தபோது இலை அசையவில்லை. குளக்கட்டில் ஏறும்போதே மணம் வந்தது. முதலில் அவள் அதைச் சேற்று மணம் என்றுதான் நினைத்தாள்.

கூட்டின் மேலே வெள்ளைச் சாக்கு விரித்த மாதிரி இருந்தது. கிட்டப் போனபோது சாக்கு இல்லை. வயிறுகள். இரண்டு கூட்டிலும் ஓரம் தெரியாமல், ஒன்றோடொன்று ஒட்டி, ஆறாயிரம் வயிறு. அவள் கையை விட்டுக் கிளறினாள். அடியிலாவது உயிர் இருக்கும் என்று கிளறினாள். கீழேயும் அதுதான். கிளறக் கிளற அடிச்சேறு கறுப்பாக எழும்பி, கூழ்முட்டை நாற்றம் அடித்தது. பதினொரு குஞ்சு துடித்தது. அவற்றை வாளியில் போட்டாள். வாளிக்குள் நாலு செத்தது.

'நான் சொன்னன்தானே' என்று ஸைனுலாப்தீன் கத்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள். அவன் கூட்டின் கயிறுகளை அவிழ்க்கத் தொடங்கினான்.

எட்டு மணிக்கு றிக்சன் லொறியோடு வந்தான். தண்ணீர்த் தாங்கியில் ஒட்சிசன் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. சாரதி இறங்கிப் பார்த்துவிட்டு, "ஏத்த ஒண்டும் இல்லையா? அப்ப நான் அடுத்த குளத்துக்குப் போகவா?" என்று கேட்டான். றிக்சன் அவனை முறைத்தான்.

றிக்சன் தண்ணீரில் உள்ள காற்றை அளக்கிற மானியை மருதமரத்தடித் தண்ணீருக்குள் விட்டான். "ஒண்டும் காட்டேல்ல" என்றான். "வெயில் இல்லாத நாள் பாசி காத்து விடாது. அடியில அழுகினது இருந்த காத்தையும் குடிச்சிட்டுது. கச்சானும் நிண்டிட்டுது." பிறகு, கூடு முன்பு நின்ற இடத்துக்குத் தோணியைத் தள்ளச் சொன்னான். அங்கேயும் மானியை விட்டான். இலக்கத்தைப் பார்த்தான். ஸைனுலாப்தீனைப் பார்த்தான். மானியைத் துடைத்துப் பைக்குள் வைத்தான்.

"எவ்வளவு காட்டுது?" ஹுஸ்னியா கரையிலிருந்து கேட்டாள்.

"விடுங்கோ அக்கா."

"சொல்லு தம்பி."

"மூண்டரை. இங்க இருந்திருந்தா கஷ்டப்பட்டிருக்கும். ஆனா கன குஞ்சு உயிரோட நிண்டிருக்கும்." அவன் தலையைக் குனிந்தான். "நிழலில கட்டாதீங்கோ எண்டு நானும் சொல்லேல்ல. ஆரும் கட்டுவினமெண்டு யோசிக்கேல்ல."

லொறி வெறுந்தண்ணீரோடு போனது. துருசுப் பக்கம் தண்ணீர் இரைந்துகொண்டிருந்தது. சொன்னபடி காலை ஆறு மணிக்கே இராஜநாயகம் திறந்துவிட்டார். ஹுஸ்னியா வாய்க்கால் ஓரமாக நடந்தாள். நடக்க வேண்டும் என்று நினைத்து நடக்கவில்லை. வீட்டுக்குப் போக முடியவில்லை, குளத்திலும் நிற்க முடியவில்லை.

வயலில் தண்ணீர் வெடிப்புகளுக்குள் ஓடி ஓடி மறைந்துகொண்டிருந்தது. எல்சி கதிர் கதிராகப் பிடித்து நசுக்கிப் பார்த்துக்கொண்டு போனாள். ஒன்று, விட்டாள். மற்றொன்று, விட்டாள். வரம்போரத்துக் கதிர்களில் மட்டும் கொஞ்சம் நின்று பார்த்தாள். நடு வயல் முழுக்கக் கதிர்கள் நிமிர்ந்து நின்றன. கனம் இருந்தால் அவை வளைந்திருக்கும்.

"லொறி வந்துதோ தங்கச்சி?" என்று கேட்டார் இராஜநாயகம்.

"வந்தது."

"ஏத்தியாச்சோ?"

"செத்திட்டுது அண்ணன். முழுக்க."

அவர் முகம் வெளிறியது. "துருசு திறந்ததாலயோ?"

அந்த இடத்தில் 'ஓம்' என்று சொல்லியிருக்கலாம். பாதிப் பாரத்தை இறக்கி அவர் தலையில் வைத்திருக்கலாம். ஹுஸ்னியா ஒரு கணம் அதை நினைத்தாள்.

"இல்ல. திறக்க முதலே செத்திட்டுது. நான்தான் நிழலுக்கு இழுத்துக் கட்டினன். நடுக்குளத்தில விட்டிருந்தாக் கன குஞ்சு நிண்டிருக்குமாம்."

இராஜநாயகம் மூச்சை விட்டார். பிறகு வயலைப் பார்த்தார். மண்வெட்டியில் சாய்ந்து அப்படியே நின்றார்.

எல்சி கையிலிருந்த கதிரோடு வந்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கலாம்.

"அப்ப எங்கட தண்ணி?"

"அக்கா..."

"காசு கேக்கேல்ல நான். உன்னட்டக் காசு இல்லையெண்டு எனக்குத் தெரியும். திங்கக்கிழமைத் தண்ணி. அதை எப்ப தருவாய்?"

"என்னட்ட வயல் இல்ல அக்கா. எனக்கு முறை இல்ல."

"அது எனக்குத் தெரியாது."

ஹுஸ்னியா நின்றாள். வாய்க்காலில் தண்ணீர் அவள் காலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. பன்னிரண்டு மணிக்கு அதையும் பூட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு குளத்தில் கொடுக்கவோ வாங்கவோ ஒன்றும் நிற்காது. அடுத்த வருடம் நிற்குமா என்று வட்டை விதானைக்கும் தெரியாது, றிக்சனுக்கும் தெரியாது.

"ஓம் அக்கா" என்றாள் கடைசியில். "தரவேணும்தான்."

இராஜநாயகத்துக்கும் எல்சிக்கும் அவள் கடன்: நெல் பால் பிடிக்கிற நேரத்து ஆறு மணித்தியாலத் தண்ணீர்.