அடுக்களைப் பள்ளிக்கூடம்

என் மகள் ஜெர்லினுக்கு ஆறு வயது. வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும் என்றார்கள். பேச்சு இன்னும் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கு முன்னால் ஓரிடத்தில் உட்காரப் பழக்குங்கள் என்று நாகர்கோவில் பயிற்சி மையத்தில் சொன்னார்கள். கிறிஸ்துமஸ் முடிந்ததிலிருந்து அடுக்களையில் பள்ளிக்கூடம் நடத்தினேன். அவளை ஸ்டூலில் இருத்துவேன். நான் கரண்டியால் தட்டில் மணி அடித்தால்தான் எழும்ப வேண்டும். எழும்பினால் கையில் ஒரு ஏத்தங்காய் சிப்ஸ். நன்றாகவே படித்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்தில் சேர்த்த முதல் நாள் சாயங்காலம் கூப்பிடப் போனபோது டீச்சர் வாசலிலேயே சிரித்தாள்.

"உங்க பிள்ளையால ஒரு தொந்தரவும் இல்ல. காலைல இருத்தின இடத்த விட்டு அனங்கவே இல்ல பாத்துக்கிடுங்க."

"சோறு தின்னாளா?"

"பெல் அடிச்சா எல்லாப் பிள்ளைகளும் தானா எடுத்துத் திங்கும்."

வகுப்பில் ஜெர்லின் மட்டும் இருந்தாள். சோற்றுப் பாத்திரம் திறக்காமலே கிடந்தது. பாவாடை மூத்திரத்தில் நனைந்து நாறியது. நீயெல்லாம் பிள்ளை பெத்தவதானா என்று வாய்வரை வந்தது.

"மக்கா, எழும்பு. வீட்டுக்குப் போவோம்."

என்னைப் பார்த்தாள், எழும்பவில்லை. பெரிய வகுப்புகள் விடுவதற்கு மின்சார மணி கிர்ரென்று அலறியது. அதற்கும் அனங்கவில்லை.

அவள் பையிலிருந்த ஸ்பூனை எடுத்துப் பாத்திர மூடியில் அடித்தேன். உடனே எழும்பி, சிப்சுக்காகக் கையை நீட்டினாள்.